28 கோர் சர்வர், 8 கோர் லேப்டாப்பைவிட மெதுவாக ஓடுகிறது: எங்கே தவறு?

கேள்வி:
வணக்கம். 400 தரவுக் கோப்புகளை அலசும் பைத்தான் நிரல் ஒன்று இருக்கிறது. உள்ளே நம்பை (பைத்தானின் எண் கணக்கு நூலகம்) அணிக் கணக்குகள் நிறைய. மல்டிபிராசஸிங் பூல் (ஒரே நேரத்தில் ஓடும் பல பிராசஸ்களின் கூட்டம்) வழியாகக் கோப்புகளைப் பிரித்துக் கொடுக்கிறேன். லேப்டாப்பில் ரைசன் 7 7840ஹெச்எஸ் பிராசஸர், 8 கோர், 16 திரெட், டிடிஆர்5-5600 ராம் இரண்டு ஸ்டிக். சர்வரில் ஸியான் ஈ5-2680 வி4 பிராசஸர் இரண்டு, மொத்தம் 28 கோர், 56 திரெட், டிடிஆர்4-2400 16 ஜிபி ஸ்டிக் நான்கு. லேப்டாப்பில் 10 நிமிடம், சர்வரில் 17 நிமிடம். எல்லா கோரும் 100 சதவீதம் என்றுதான் காட்டுகிறது. இரண்டிலும் லினக்ஸ். எங்கே பார்ப்பது?

பதில் 1:
முதலில் ஒரே ஒரு கோப்பை, ஒரே பிராசஸில், ஒரே திரெட்டில் இரண்டு கணினியிலும் ஓட்டி நேரம் எடுங்கள். இரண்டு முறை ஓட்டி, முதல் முறை வந்த நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுங்கள்; அதில் டிஸ்க்கிலிருந்து படிக்கும் நேரமும் கலந்திருக்கும். இந்த எண் இல்லாமல் 28 கோரையும் 8 கோரையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

கூடவே மூன்று விஷயம் சொல்லுங்கள்: ஓடும்போது சர்வரின் கிளாக் எவ்வளவு, 'நியூமாசிடிஎல்' கட்டளையை (எந்தப் பிராசஸரின் பக்கம் எவ்வளவு ராம் என்று காட்டுவது; ஒவ்வொரு பக்கமும் ஒரு நோடு) ஹார்டுவேர் ஆப்ஷனோடு கொடுத்தால் என்ன வருகிறது, ஹெச்டாப்பில் (ஒவ்வொரு கோரின் வேலையையும் பட்டையாகக் காட்டும் கருவி) பட்டைகள் என்ன நிறம்.

கேட்டவர்:
ஒரு கோப்புக்கு லேப்டாப் 10 விநாடி, சர்வர் 21 விநாடி. கிளாக் 2.9 கிகாஹெர்ட்ஸ் அளவில் நிற்கிறது. ஹெச்டாப் பட்டைகளில் பாதிக்கு மேல் சிவப்பு. நியூமா வெளியீட்டில் நோடு 0-க்கு 64 ஜிபி, நோடு 1-க்கு 0 எம்பி என்று இருக்கிறது. இது சரியா?

பதில் 1:
சரியில்லை. தவறு இரண்டு இடத்தில் இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு கோர் பாதி வேகம் என்பது கோளாறு அல்ல, அதற்காகக் கவலைப்படாதீர்கள். அந்த ஸியான் 2016-இல் வந்தது; டர்போவில் உச்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ். உங்கள் ரைசன் 2023-ஐச் சேர்ந்தது, 5.1 வரை போகும், ஒரே கிளாக்கில் செய்யும் வேலையும் கூடுதல். கிளாக் 1.2-இல் முடங்கிக் கிடந்திருந்தால் கவர்னரையும் (கிளாக் வேகத்தை முடிவுசெய்யும் லினக்ஸ் அமைப்பு) பயாஸின் பவர் புரொஃபைலையும் பார்க்கச் சொல்லியிருப்பேன். 2.9 என்றால் அங்கே பிரச்சினை இல்லை.

இப்போது கணக்கு. லேப்டாப்: 400 × 10 ÷ 8 = 500 விநாடி. சர்வர்: 400 × 21 ÷ 28 = 300 விநாடி. ஆக 5 நிமிடத்தை ஒட்டி முடிய வேண்டிய வேலை 17 நிமிடம் இழுக்கிறது.

சிவப்பு என்றால் கெர்னலில், அதாவது லினக்ஸின் உள்வேலையில், செலவாகும் நேரம். பூலுக்கு எண்ணிக்கை எதுவும் கொடுக்காவிட்டால் 56 பிராசஸ் கிளம்பும். நம்பைக்குள் இருக்கும் ஓப்பன்பிளாஸ் என்ற அணிக் கணக்கு நூலகம், ஒவ்வொரு பிராசஸிலும் தன் பங்குக்கு 56 திரெட்டைத் தொடங்கும். 56 × 56 = 3136 திரெட், இருப்பதோ 28 கோர். கணக்குப் போடுவதைவிட முறை மாற்றிக்கொள்வதிலேயே பொழுது போகிறது. அந்த 100 சதவீதம் உங்களை ஏமாற்றியது இதனால்தான்.

ஓஎம்பி (திரெட்டுகளைப் பிரித்து ஓட்டும் இன்னொரு நூலகம்), ஓப்பன்பிளாஸ் இரண்டின் திரெட் எண்ணிக்கைக்கான சூழல் மாறிகளையும் 1 என்று வையுங்கள். நிரலை ஓட்டும் முன்பே ஷெல்லில் வையுங்கள். நம்பையை இம்போர்ட் செய்த பிறகு வைத்தால் பலிக்காது, பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பூலுக்கு 28 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். லேப்டாப்பிலும் இதையே செய்து (பூல் 8) மறுபடி அளங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடு நியாயமாகாது.

பதில் 2:
நோடு 1-இல் 0 எம்பி என்பதைப் பற்றி நான் சொல்கிறேங்க. நான்கு ஸ்டிக்கும் முதல் பிராசஸரின் ஸ்லாட்டிலேயே செருகியிருக்கு. இரண்டாவது பிராசஸரின் 14 கோரும் ஒவ்வொரு பைட்டுக்கும் பக்கத்துச் சாக்கெட்டுக்குப் போய்த்தான் வரணும்.

டிடிஆர்4-2400-இல் ஒரு சேனல் (ராமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான ஒரு பாதை) விநாடிக்கு 19.2 ஜிபி, நான்கு சேனல் சேர்ந்தால் 76.8. உங்க லேப்டாப்பில் இரண்டு ஸ்டிக் சேர்ந்து 89.6. அதாவது இப்போதைய நிலையில் 28 கோருக்கு விநாடிக்குக் கிடைக்கும் மெமரித் தரவின் அளவு, 8 கோர் லேப்டாப்புக்குக் கிடைப்பதைவிடக் குறைவு! சர்வர் வாங்கும்போது கோர் எண்ணிக்கையைப் பார்க்கிற அளவுக்கு ஸ்லாட்டை யாரும் பார்ப்பதில்லை, அதுதான் வருத்தம்.

ஷட்டவுன் செய்து, இரண்டு பவர் கேபிளையும் பிடுங்கிட்டு, சாக்கெட்டுக்கு இரண்டு என்று மாற்றுங்க. எந்த ஸ்லாட் முதலில் என்பதை போர்டு கையேட்டின் படத்தைப் பார்த்தே செருகுங்க. ஒரே சேனலில் இரண்டையும் செருகினால் பலன் போச்சு. இப்படி மாற்றினாலும் மொத்தம் 76.8-தான், ஆனால் தூரத்துப் பயணம் குறையும். முழுப் பலன் வேணும்னா எட்டு ஸ்டிக், அப்போ 153.6. வாங்கும்போது ஏற்கெனவே உள்ளது போலவே ரெஜிஸ்டர்டு இசிசியா (சர்வருக்கான, பிழை திருத்தும் ராம் ரகம்) என்று பாருங்க; சாதாரண ரகத்தோடு கலந்தால் கணினி பூட்டே ஆகாது.

இன்னொன்று: ரைசனில் ஏவிஎக்ஸ்-512 (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வசதி) உண்டு, இந்த ஸியானில் ஏவிஎக்ஸ்2 வரைதான். லேப்டாப்பில் 'மார்ச் நேட்டிவ்' ஆப்ஷனோடு, அதாவது அந்தப் பிராசஸருக்கென்றே, கம்பைல் செய்த எதையும் அப்படியே சர்வருக்குக் காப்பி செய்யாதீங்க, 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று நின்றுவிடும்.

கேட்டவர்:
திரெட்டை 1 ஆக்கியதுமே சர்வர் 17-இலிருந்து எட்டரை நிமிடத்துக்கு வந்தது, சிவப்பு மறைந்துவிட்டது. ஸ்டிக்குகளை 2+2 ஆக மாற்றியதும் 7 நிமிடம். லேப்டாப் ஒன்பதரை. மிக்க நன்றி! ஆனால் கடைசி 90 விநாடி சர்வரில் ஒரே கோர்தான் ஓடுகிறது, மற்றதெல்லாம் சும்மா. லேப்டாப்பில் அந்தக் கட்டம் 40 விநாடி.

பதில் 1:
அது முடிவுகளை ஒன்றுசேர்க்கும் கட்டம். பிரிக்க முடியாத வேலை எப்போதும் ஒரு கோரின் வேகத்தில்தான் நடக்கும், அங்கே லேப்டாப்தான் ஜெயிக்கும். மொத்த வேலையில் 10 சதவீதம் இப்படி இருந்தால் 28 கோர் கொடுக்கும் வேகம் 7.6 மடங்குதான், 8 கோர் 4.7 மடங்கு. லேப்டாப்பின் ஒரு கோர் இரு மடங்கு வேகம் என்று வைத்தால் 9.4 ஆகி சர்வரை முந்திவிடும். அதே 10-ஐ 1 சதவீதமாகக் குறைத்தால் சர்வர் 22, லேப்டாப் 15.

ஒவ்வொரு பிராசஸும் பெரிய அணியை அப்படியே திருப்பி அனுப்புகிறதா? அதைப் பிக்கிள் செய்து (பைட்டுகளாகக் கட்டி) அனுப்ப, தாய்ப் பிராசஸ் ஒற்றை ஆளாக அவிழ்க்க வேண்டும். கூட்டுத்தொகையை அங்கேயே கணக்கிட்டு அதை மட்டும் அனுப்புங்கள். முழு அணியும் வேண்டுமென்றால் டிஸ்க்கில் எழுதிவிட்டுக் கோப்பின் பெயரை அனுப்புங்கள். சங்க்சைஸையும் (ஒரு பிராசஸுக்கு ஒரு தடவையில் கொடுக்கும் கோப்புகளின் எண்ணிக்கை) 1 என்று வையுங்கள். தானாக விட்டால் 400 கோப்பு நான்கு நான்காக 100 கட்டாகும். மூன்று சுற்றில் 84 கட்டு தீர்ந்து, நான்காவது சுற்றில் 16 கோருக்கு மட்டுமே வேலை இருக்கும்.

கேட்டவர்:
முழு அணிகள்தான் திரும்பி வந்துகொண்டிருந்தன. கூட்டுத்தொகையை மட்டும் அனுப்ப வைத்து, சங்க்சைஸ் 1 கொடுத்தேன். கடைசிக் கட்டம் 4 விநாடி, மொத்தம் 5 நிமிடம் 25 விநாடி. இன்னும் நான்கு ரெஜிஸ்டர்டு ஸ்டிக் வாங்கப்போகிறேன்.