ஏழ்மையைச் சொல்லித்தான் என் மகளை அறிமுகப்படுத்த வேண்டுமா?

பட்டர்வொர்த் தாய்:

அனைவருக்கும் வணக்கம். பிறைத் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மாறி மாறி வரும் ஷிப்டுகளில் வேலை செய்கிறேன். லாரி ஓட்டுநராக இருந்த என் கணவர், முதுகில் அடிபட்ட பின்னர் இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே இருக்கிறார். மூத்த மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டில் படிக்கிறாள். 400 மீட்டர் ஓட்டத்தில் இவ்வாண்டு மாவட்ட அளவில் முதலாவதாகவும், மாநிலப் பள்ளிகளுக்கிடையிலான திடல்தடப் போட்டியில் மூன்றாவதாகவும் வந்தாள்.

சென்ற மாதம் எங்கள் வட்டாரத்தில் ஒரு பாராட்டு நிகழ்ச்சி நடந்தது. மேடையில் அவளை அழைத்தபோது, வேலை இழந்த தந்தை, இரவு பகலாக உழைக்கும் தாய், அடிப்பாகம் பிய்ந்த காலணி, இவற்றையெல்லாம் மீறிச் சாதித்த ஏழை மாணவி என்று அறிவிப்பாளர் உருக்கமாகப் பேசினார். மண்டபமே கைதட்டியது. நானும் அழுதுகொண்டே கைதட்டினேன். வீட்டுக்கு வந்ததும் மகள் கோப்பையை முன்னறையில் வைக்காமல், துணி அலமாரிக்குள் மடித்து வைத்திருந்த பள்ளிச் சீருடைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். காரணம் கேட்டேன். "அம்மா, நான் எத்தனை விநாடியில் ஓடினேன் என்று அவர் சொல்லவே இல்லையே" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

என் மனத்தை அரிப்பவை இரண்டு. கஷ்டப்பட்டு வளர்ந்தால்தான் பிள்ளைக்கு வெறி வரும், வசதி செய்து கொடுத்தால் சோம்பல் வந்துவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? இரண்டாவதாக, கோலாலம்பூரில் உள்ள புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியின் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்படி அவளுடைய உடற்கல்வி ஆசிரியை வலியுறுத்துகிறார். படிப்பு கெட்டுவிடும், பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பாதே என்று கொழுந்தனார் தடுக்கிறார். அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

செந்தூல் ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். நான் ரப்பர் தோட்டப்புறத்தில் பிறந்தவன். பால்வெட்டுக்குப் போன தாயின் பிள்ளையாக, தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பின்னாலிருந்த பந்துத் திடலில் வெறுங்காலோடு ஓடி, பின்னர் ஆசிரியராகி, முப்பது ஆண்டுகள் கோலாலம்பூர்ப் பள்ளிகளில் திடல்தடப் பயிற்சி அளித்தவன். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் உறுதியானது: வறுமை எவரையும் வேகமாக ஓட வைப்பதில்லை. என்னோடு அந்தத் திடலில் ஓடியவர்களில் என்னைவிட வேகமானவர்கள் நால்வர் இருந்தார்கள். நால்வருமே பதினைந்து வயதுக்குள் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வறுமையும் இருந்தது, வெறியும் இருந்தது. எனக்கு மட்டும், தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போட்டிக்கு அழைத்துப்போன ஓர் ஆசிரியர் இருந்தார். வென்றவனை மட்டும் மேடையேற்றி வறுமையைப் புகழும்போது அந்த நால்வரும் கணக்கில் வராமல் போகிறார்கள்.

உங்கள் மகளின் தூரத்தையே ஓடிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையைச் சேர்ந்த ரேவதி வீரமணி சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாளிடம் வளர்ந்தவர். தொடக்கத்தில் வெறுங்காலோடு ஓடியவர். தோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் ஆண்-பெண் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். இந்தக் கதையை எல்லாரும் வெறுங்காலில் தொடங்கி ஒலிம்பிக்கில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் இருப்பதைத்தான் நாம் படிக்க வேண்டும். பெண் பிள்ளையை ஓடவிடுகிறாயே என்று ஊர் ஏசியபோதும் பாட்டி அவரை வேலைக்கு அனுப்பாமல் படிக்க வைத்தார். பயிற்றுநர் கண்ணன் அவருடைய திறமையைக் கண்டுகொண்டு, தயங்கிய பாட்டியைச் சம்மதிக்க வைத்து, காலணிக்கும் கல்லூரிப் படிப்புக்கும் வழி செய்தார். அந்த இருவரையும் எடுத்துவிட்டால் வெறுங்கால் மட்டும்தான் மிஞ்சும்.

அமெரிக்காவின் வில்மா ருடால்ஃபும் அப்படித்தான். இளம்பிள்ளை வாதத்தால் காலில் இரும்புப் பட்டை அணிந்திருந்த அந்தச் சிறுமி 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். அதற்கு முன்னால், வாரந்தோறும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பேருந்தில் அழைத்துச்சென்று சிகிச்சை பெறச் செய்த தாயும், வீட்டில் நாள்தோறும் முறை வைத்து அந்தக் காலைப் பிடித்துவிட்ட உடன்பிறப்புகளும் இருந்தார்கள்.

நம் மலேசியாவிலிருந்து இதற்கு நேர்மாறான ஒருவரைப் பாருங்கள். 2023 புனோம் பென் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வென்ற ஷெரீன் சாம்சன் வல்லபோயின் தாயும் தந்தையும் தேசிய ஓட்டக்காரர்களாக இருந்தவர்கள். எப்போது ஓட வேண்டும், எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்பது தெரிந்த வீட்டில் வளர்ந்ததால் அவர் சோம்பிவிடவில்லை. உங்கள் உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

படிப்பைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஆனால் படிப்பும் ஓட்டமும் பகை என்பதை நான் ஏற்கமாட்டேன். 'பறக்கும் மருத்துவர்' என்று பெயரெடுத்த நம் நாட்டு ஓட்டக்காரர் எம். ஜெகதீசன், மருத்துவம் பயின்ற காலத்திலேயே 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் என மூன்று தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் ஓடிய 20.92 விநாடி, 2017 வரை, அதாவது 49 ஆண்டுகள், தேசியச் சாதனையாக நிலைத்தது. அதே பாங்காக்கில் பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வென்றவர் தாப்பாவைச் சேர்ந்த எம். இராஜாமணி. அந்த ஆண்டு நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது அவருக்குத்தான் கிடைத்தது. உங்கள் மகள் அந்தப் பெயரை அறிந்திருக்க வேண்டும்.

விளையாட்டுப் பள்ளியிலும் மாணவர்கள் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம். எழுதத்தான் செய்கிறார்கள். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் நேரில் சென்று கேட்க வேண்டியவை இருக்கின்றன. 400 மீட்டருக்கெனப் பயிற்றுநர் யார், அவரிடம் எத்தனை மாணவிகள் இருக்கிறார்கள், போட்டிக் காலத்தில் தவறும் பாடங்கள் எப்போது நடத்தப்படுகின்றன, காயம்பட்டால் பெற்றோருக்கு எப்போது தெரிவிப்பார்கள் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் ஓராண்டு பொறுப்பதில் நட்டமில்லை. பதினான்கு வயது ஓட்டக்காரிக்குக் காலம் இருக்கிறது.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். பயிற்சி கூடும்போது உணவும் கூட வேண்டும். வளரும் பெண் பிள்ளை போதிய உணவின்றிக் கடுமையாக ஓடினால் மாதவிலக்கு தடைபடும், எலும்பில் நுண்ணிய விரிசல் விழும். இரத்தசோகை இருந்தால் கடைசி 100 மீட்டரில் கால் கல்லாகிவிடும். சோம்பல் என்று நினைத்துப் பிள்ளையை ஏசுவோம். முட்டை, நெத்திலி, பருப்பு, முருங்கைக்கீரை போதும். சாப்பிட்டவுடன் தேநீர் கொடுக்காதீர்கள், அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். அடிபிய்ந்த காலணியை உடனே மாற்றுங்கள். அதை வைத்துக்கொண்டு ஓடுவதில் பெருமை ஒன்றுமில்லை, கணுக்கால் போய்விடும்.

சிராஸ் தன்னார்வலர்:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கோலாலம்பூரில் மாற்றுத்திறனாளி விளையாட்டாளர்களுக்கு உதவும் தன்னார்வலனாக எட்டு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். உங்கள் மகள் கேட்ட கேள்வியை அங்கே பலர் கேட்கக் கண்டிருக்கிறேன். குண்டு எறியும் ஓர் இளைஞர், பேட்டி எடுக்க வந்தவரிடம், "என் காலைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டீர்கள், என் கையைப் பற்றி ஒன்றாவது கேட்டீர்களா?" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வந்தவர் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, இளைஞரின் தோளையும் பிடியையும் பற்றிக் கேட்கத் தொடங்கினார். பேட்டி ஒரு மணி நேரம் நீண்டது.

2016 ரியோ பாராலிம்பிக்கில் பெர்லிஸைச் சேர்ந்த முகமட் ரிட்சுவான் பூசி 100 மீட்டரில் வென்றதுதான் மலேசியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம். அதே போட்டியில் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஐந்து வயதில் பேருந்து ஏறி அவருடைய வலக்கால் நசுங்கியதும், தாய் சரோஜா காய்கறி விற்று வளர்த்ததும் நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் 2021இல் தோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம் என அடுத்தடுத்த மூன்று பாராலிம்பிக்கிலும் அவர் பதக்கம் வாங்கியிருக்கிறார் என்பதை எத்தனை பேர் சொல்கிறோம்? விபத்து ஒரு நாளில் நடந்தது. தாண்டுதலில் ஒவ்வொரு சென்டிமீட்டரையும் காக்க அவர் பல ஆண்டுகள் உழைத்தார். நாம் அந்த ஒரு நாளையே திரும்பத் திரும்பப் பேசுகிறோம்.

இதனால் பின்னணியை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத்தான் வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் நிலை பேசப்பட்டதால்தான், பாராலிம்பிக் தங்கத்துக்கும் ஒலிம்பிக் தங்கத்துக்கு நிகராகப் பத்து இலட்சம் ரிங்கிட் ஊக்கத்தொகை என்ற நிலை நம் நாட்டில் வந்தது. உதவி கேட்கும் மனுவில் வறுமையை எழுதுங்கள், அதில் வெட்கமில்லை. மேடை அறிமுகத்துக்கு மட்டும், என்ன சொல்ல வேண்டும் என்பதை உங்கள் மகளே ஒரு தாளில் எழுதி அறிவிப்பாளரிடம் முன்கூட்டியே கொடுக்கட்டும்.

முன்னாள் விடுதி மாணவி, கிள்ளான் சாலை:

அக்கா, நான் பதின்மூன்று வயதில் ஒரு விளையாட்டு விடுதிக்குப் போனவள். பள்ளியின் பெயர் வேண்டாம். முழங்கால் வலிக்கிறது என்று சொன்னபோது, உன் அப்பா படும் பாட்டை நினைத்துப் பார் என்று ஒரு பயிற்றுநர் சொன்னார். நினைத்துக்கொண்டே இன்னும் நான்கு மாதங்கள் ஓடினேன், குருத்தெலும்பு கிழிந்தது. வீட்டின் கஷ்டத்தை என் மீது சவுக்காகப் பயன்படுத்த நானே இடம் கொடுத்துவிட்டேன்.

உங்களுக்குப் பக்கத்திலுள்ள சுங்கைப்பட்டாணியைச் சேர்ந்த சிவசங்கரி சுப்பிரமணியத்தைப் பாருங்கள். 2022 ஜூன் மாதம் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்தது. அவ்வாண்டு காமன்வெல்த் போட்டியை விட்டுவிட்டு முறையாக ஓய்வெடுத்து, சிகிச்சை பெற்று, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்குவாஷ் தனிநபர் தங்கத்தை வென்றார். நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தியவர் அவர். உங்கள் மகளை அனுப்புவதென்றால், "வலித்தால் நிறுத்து, யாரும் உன்னைக் குறை சொல்லமாட்டோம்" என்று நீங்களும் அவள் அப்பாவும் வாய்திறந்து சொல்லி அனுப்புங்கள். எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

பட்டர்வொர்த் தாய்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு ஷிப்டு முடிந்து வந்து, இந்தப் பதில்களை மகளோடும் கணவரோடும் உட்கார்ந்து படித்தேன். கடைசிப் பதிலைப் படித்தபோது கணவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டு, "எனக்காக ஓட வேண்டாம்மா, உனக்குப் பிடித்தால் ஓடு" என்றார். "பிடித்துத்தான் ஓடுகிறேன் அப்பா, கடைசி வளைவு திரும்பும்போது காதில் காற்று மட்டும்தான் கேட்கும்" என்று அவள் சொன்னாள். இதை அவள் எங்களிடம் சொன்னது இதுவே முதல் முறை.

காலணி வாங்கிவிட்டோம். ஆசிரியர் ஐயா சொன்ன கேள்விகளை எழுதிக்கொண்டேன். அடுத்த விடுமுறையில் ஆசிரியையோடு புக்கிட் ஜாலிலுக்கு நேரில் போய்க் கேட்டுவிட்டு, பதில் திருப்தியாக இருந்தால்தான் விண்ணப்பத்தைக் கொடுப்போம். கொழுந்தனாரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். விண்ணப்பப் படிவத்தை மட்டும் இன்று காலை நிரப்பி வைத்தோம். சாதனைகளுக்கான பகுதியில் 61.84 விநாடி என்று அவளே எழுதினாள், பெற்றோர் வருமானம் கேட்ட கட்டத்தை நான் நிரப்பினேன்.