மூணு வருஷமா பட்ஜெட்ல ஊருணி வரத்துக்கால் வேலை இருக்கு, ஆனா ஒரு மண்வெட்டி மண்ணு கூட அள்ளல. யாரைக் கேக்குறது?

வளவுவீட்டுப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பேரூராட்சிதான் எங்க ஊரு, பேரு போட வேணாம்னு பாக்குறேன், சின்ன ஊரு, நாளைக்கு ஒரு சர்டிபிகேட்டுக்கும் அதே ஆபீஸ்லதான் போய் நிக்கணும்.

போன வாரம் பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட 2025-26 பட்ஜெட் புத்தகம் இருந்துச்சு, வாங்கிப் பாத்தேன். அவரு முன்னாடி வருஷத்து புத்தகமும் ரெண்டு வச்சிருந்தாரு. மூணையும் திண்ணைல விரிச்சு வச்சு ஒண்ணொண்ணா பாத்தா, குடிதண்ணி ஊருணி வரத்துக்கால் சீரமைப்பு, தூர்வாருதல்னு ஒரு வரி மூணுலயும் இருக்கு (வரத்துக்கால்னா ஊருணிக்கு மழைத்தண்ணி வர்ற வாய்க்கால்). அதே வார்த்தை, அதே தொகை, ஒரு ரூபா கூட கூடல குறையல. அதுக்கு நேரா 2023-24 உண்மைச் செலவுன்னு ஒரு கட்டம், அதுல வெறும் கோடு. ஒண்ணுமே செலவு பண்ணல. அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் எழுதுறாங்கன்னு எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

எங்க வீடு பழைய வளவு வீடு, 11 புள்ளிக்கு, அதாவது 11 குடும்பத்துக்கு, பங்கு. இங்க இருக்குறது நானும் அப்பத்தாவும்தான், மத்தவங்க எல்லாம் சென்னை, கோயம்புத்தூர், பினாங்குன்னு இருக்காங்க. 2022-ல சொத்து வரி ஏத்துனப்ப 1,800 சதுர அடிக்கு மேல உள்ள வீட்டுக்கெல்லாம் 100 சதவீதம் ஏத்துனாங்கல்ல, அரையாண்டுக்கு 4,200 கட்டிட்டு இருந்தது 8,400 ஆச்சு. 2024-ல இன்னும் 6 சதவீதம், இப்ப 8,904. எல்லாப் பங்காளிக்கும் போன் பண்ணி வசூல் பண்ணி, ஏப்ரல் 30-க்குள்ள கட்டுனா 5 சதவீதம் தள்ளுபடின்னு ஓடிப்போயி கட்டிட்டு வரேன். ஒரு தடவை கூட பாக்கி வச்சது இல்ல.

அப்பத்தா சின்னப் பிள்ளைல குடத்தோட எறங்குன ஊருணிப் படி அது, செம்புறாங்கல்லு. அப்ப அதுல யாரும் கால் நனைக்கக் கூடாதாம், காவலுக்கு ஆளு போட்டிருந்தாங்களாம். இப்ப மழை முடிஞ்சு ரெண்டு மாசத்துல காஞ்சு கெடக்கு, நடுவுல கருவேலம். ஒரு நாளு அப்பத்தா என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லி மேப்படில செத்த நேரம் நின்னுட்டு ஒண்ணும் பேசாம வந்துருச்சு.

பட்ஜெட்ல போட்ட காசு எங்க போகுது? யாருகிட்ட, எப்படிக் கேக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தெக்கு வீதி:

தங்கச்சி, எங்க வார்டுலயும் இதே கதைதான். வரி ஒரு மாசம் லேட்டானா 1 சதவீதம் வட்டி போட்டு வாங்குறாங்க, நம்ம வேலை மூணு வருஷம் லேட்டானா யாரு வட்டி குடுக்குறது? ஆனா நான் வேற ஒண்ணு சொல்லணும். ஊருணில தண்ணி இல்லாததுக்கு வேலை செய்யாதது மட்டும் காரணம் இல்ல, செஞ்ச வேலையும் காரணம்.

எங்க வீதில நான் பாக்கவே மூணு தடவை ரோடு போட்டுட்டாங்க. பழசைப் பேக்காம அதுக்கு மேலயே சிமெண்டு. இப்ப ரோடு எங்க வாசப்படிக்கு மேல முக்கால் அடி நிக்குது. நம்ம ஊரு வீடெல்லாம் எப்படிக் கட்டுனாங்க, வளவுல விழுற தண்ணி கல்லுத் தூம்பு வழியா வீதிக்கு, வீதிலேர்ந்து காலுக்கு, காலுலேர்ந்து ஊருணிக்கு, எல்லாம் ஒரே வாட்டம். எந்த வீதித் தண்ணி எந்த ஊருணிக்குன்னு கணக்குப் பாத்துத்தான் கட்டுனாங்க. அந்த வாட்டத்தை ரோட்டைப் போட்டே கொன்னுட்டாங்க. போன ஐப்பசி மழைக்கு தண்ணி ஊருணிக்குப் போகல, எங்க முகப்புக்குள்ள வந்துச்சு, ஆத்தங்குடிக் கல்லுத் தரை பூரா சேறு, எங்க வீட்டம்மா ரெண்டு நாளு தேங்கா நாரு வச்சுத் தேச்சா. அதே புத்தகத்துல ரோட்டுக்கு நேரா உண்மைச் செலவுக் கட்டம் எப்படி இருக்குன்னு பாருங்க, நெறஞ்சிருக்கும்.

வளவுவீட்டுப் பொண்ணு:

அண்ணே இப்பத்தான் எடுத்துப் பாத்தேன். ரோட்டுக்குப் போட்டதை விட ஜாஸ்தியாவே செலவாகியிருக்கு. எனக்கு இது தோணவே இல்ல, ரெண்டும் வேற வேற வரின்னு நெனச்சுட்டேன்.

பழைய பேரேடு:

அம்மா, நான் வேற மாவட்டத்துல நகராட்சி கணக்குப் பிரிவுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். உங்க கண்ணு சரியான எடத்துல பட்டிருக்கு. பெரும்பாலும் ஜனங்க வர்ற வருஷத்து மதிப்பீட்டைத்தான் பாப்பாங்க, பேப்பர்லயும் அதுதான் வரும். அது வெறும் ஆசை. நடப்பு வருஷத்துத் திருத்திய மதிப்பீட்டுலதான் எதை வெட்டுனாங்கன்னு தெரியும், உண்மைச் செலவுலதான் என்ன நடந்துச்சுன்னு தெரியும். வேலை எடுக்கலைன்னா அந்தக் காசை யாரும் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு உடனே அர்த்தம் இல்ல, பல நேரம் அந்தக் காசு வரவே இல்லைன்னுதான் அர்த்தம். ஆனா வராத காசை வருஷா வருஷம் வரும்னு எழுதிக் காட்டுறது ஜனங்களை ஏமாத்துறதுதான், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல.

உள்ளே எப்படி நடக்கும்னு சொல்றேன். வரி, கடை வாடகை, அரசு குடுக்குற மாநில நிதிக்குழு மானியம் எல்லாம் பொதுவுல வந்து சேரும். அதுலேர்ந்து மொதல்ல சம்பளம், பென்ஷன், மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கரண்ட் பில்லு, கூட்டுக் குடிநீருக்கு வாரியத்துக்குக் கட்டுறது, குப்பை அள்ளுறது. இதெல்லாம் நிறுத்த முடியாது. மிச்சம் இருக்குறதுல ரோடு முந்திக்கும், ஏன்னா ரோட்டுக்குக் கவுன்சிலரும் கேப்பாரு, ஜனங்களும் கேப்பாங்க, காண்ட்ராக்டரும் ரெடியா நிப்பாரு. வரத்துக்காலுக்கு யாரு நிக்கிறா? ஆக்கிரமிப்பு எடுக்கணும், சர்வேயர் வரணும், நாலு பேரு சண்டைக்கு வருவான். அதனால பொது நிதில எழுதுன ஊருணி வேலை கடைசிலயே நிக்கும், நான் இருந்த ஆபீஸ்லயும் அப்படித்தான் நின்னுச்சு, அதை நானே டைப் அடிச்சிருக்கேன், இன்னிக்கும் மனசு உறுத்துது.

ஆனா ஒரு வழி இருக்கு, அதை நல்லா கவனிங்க. 15-வது நிதிக்குழு மானியம்னு மத்திய அரசு காசு ஒண்ணு இருக்கு, 2021-22-லேர்ந்து 2025-26 வரைக்கும். நம்மள மாதிரி ஊருகளுக்கு வர்றதுல 60 சதவீதம் கட்டுண்ட மானியம், அதாவது இன்னதுக்குத்தான் செலவழிக்கணும்னு கட்டிப் போட்ட காசு. அதுல பாதி குடிதண்ணி, மழைநீர் சேகரிப்பு, மறு பாதி சுகாதாரம், குப்பை. ஊருணி வரத்துக்கால் மழைநீர் சேகரிப்பு இல்லாம வேற என்ன? அதனால நீங்க கேக்க வேண்டிய கேள்வி ‘ஏன் செய்யல’ன்றது இல்ல. அதுக்கு ‘நிதி இல்லை’ன்னு ஒரே வார்த்தைல அனுப்பிடுவாங்க. ‘இந்த வேலையை எந்த நிதில காட்டுனீங்க, கட்டுண்ட மானியத்துல ஏன் காட்டல, அந்த மானியம் வருஷத்துக்கு எவ்வளவு வந்துச்சு, எதுக்குப் போச்சு’, இப்படிக் கேளுங்க. 2025-26தான் அந்த அஞ்சு வருஷத்துல கடைசி வருஷம், சீக்கிரம் கேளுங்க.

தண்ணீர்மலை பேரன்:

நான் பினாங்குல இருக்கேன், தாத்தா காலத்துலேர்ந்து இங்கதான். இந்த மாதிரி படிக்கும்போது மனசு கெடந்து அடிச்சுக்குது. ஊருணி வெட்டுனது யாரு, நம்ம முன்னோர்தானே, கொண்டு விக்கப் போன எடத்துல சம்பாரிச்சு அனுப்புன காசுதானே. இப்பயும் நமக்கு நாமே திட்டம் இருக்குல்ல, ஜனங்க ஒரு பங்கு போட்டா அரசாங்கம் மிச்சம் போடும். நாங்க 20, 30 புள்ளி சேந்தா ஜேசிபி விட்டு ஒரு வாரத்துல முடிச்சிடலாம், ஆபீஸை நம்பி உக்காந்திருக்க வேணாம்.

வளவுவீட்டுப் பொண்ணு:

அண்ணே உங்க மனசுக்கு நன்றி, நெசமாவே. ஆனா நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் காலத்துல வெட்டுனவங்க வரியும் கட்டிட்டு நன்கொடையும் குடுக்கல, அப்ப செய்ய வேற ஆளு இல்ல, செஞ்சாங்க. இப்ப நாங்க வருஷத்துக்கு 17,808 ரூபா கட்டுறோம், திண்ணைல இட்லி விக்கிற அக்கா அவங்க வீட்டுக்குக் கட்டுறாங்க, பாத்திரக் கடைக்காரரு தொழில் வரியும் சேத்துக் கட்டுறாரு. அந்த அக்காவுக்கு பினாங்குல அண்ணன் இல்ல. வெளிநாட்டுப் புள்ளி இருக்குற வீதி ஊருணி மட்டும் நெறஞ்சு, இல்லாத வீதி ஊருணி காஞ்சு கெடந்தா அது சரியா? அதோட நீங்க தூர்வாரிக் குடுத்தாலும் அதே வருஷம் பட்ஜெட்ல அந்த வரி மறுபடி வந்து, இந்தத் தடவை உண்மைச் செலவுக் கட்டத்துல தொகையோட வந்துட்டா? எனக்கு அந்தப் பயமும் இருக்கு.

கணக்கு மொதல்ல வரட்டும். வந்தப்புறமும் பத்தலைன்னா நானே உங்களுக்குப் போன் பண்றேன்.

தண்ணீர்மலை பேரன்:

சரிம்மா, நீ சொல்றது நியாயம். எப்ப வேணும்னாலும் சொல்லு.

கரைமேட்டுக்காரன்:

காரைக்குடி 2024-ல மாநகராட்சி ஆச்சே, நம்ம ஊரையும் அதோட சேத்துட்டா இந்தப் பிரச்சனை தீராதா? பெரிய ஆபீஸ், பெரிய பட்ஜெட்.

பழைய பேரேடு:

தம்பி, பட்ஜெட் பெருசானா அதுல நம்ம ஊருணி ஒரு வரி, பெருசு ஆக ஆக அந்த வரி சின்னதாத்தான் தெரியும். நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்கு, அது வேற பேச்சு, வரி விகிதம் அது இதுன்னு அதுல நெறைய இருக்கு. இப்ப இதை முடிப்போம்.

அம்மா, தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க, 10 ரூபா கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டுனா போதும், பொதுத் தகவல் அலுவலர்னு பேரு போட்டு ரிஜிஸ்தர் தபால்ல அனுப்புங்க, 30 நாளுக்குள்ள பதில் வரணும், வரலைன்னா மேல்முறையீடு. கேள்வியைச் சுருக்கமா வைங்க. மூணு வருஷத்துக்கும் ஊருணி வேலைக்கு மன்றத் தீர்மான நகல், எஸ்டிமேட் நகல், எந்த நிதின்றது. ரோட்டு வேலைக்கு ஒர்க் ஆர்டரும் எம்-புக் நகலும். இந்த எம்-புக்னா அளவுப் புத்தகம், வேலை முடிஞ்சதும் இன்ஜினியர் நீளம் அகலம் உயரம் அளந்து எழுதுறது, அதை வச்சுத்தான் பில்லு பாஸ் ஆகும். பழைய ரோட்டைப் பேத்துட்டுப் போட்டதா எஸ்டிமேட்ல இருந்து, எம்-புக்லயும் பேத்ததுக்கு அளவு இருந்து, தெக்கு வீதில முக்கால் அடி உசந்து நிக்குதுன்னா, அதுக்கு மேல நான் சொல்ல வேண்டியது இல்ல. அப்புறம் ஆவணத்தை நேர்லயே போய்ப் பாக்கவும், வேலை நடந்த எடத்தை ஆய்வு பண்ணவும் அந்தச் சட்டத்துல உரிமை இருக்கு, 2(ஜே) பிரிவு. தயங்காதீங்க.

பகுதி சபாக் கூட்டத்தையும், அதான் வார்டு ஜனங்க கூடிப் பேசுற கூட்டம், விடாதீங்க. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்துலேர்ந்து நடக்குது. அங்க வாயால சொல்லாதீங்க, எழுதிக் குடுத்து கையெழுத்து வாங்குங்க.

தெக்கு வீதி:

ஐயா ரொம்ப நன்றி. தங்கச்சி, நான் ஞாயித்துக்கிழமை வெள்ளன டேப்போட வரேன், வரத்துக்கால் நெடுக அளந்துருவோம், ரோட்டு உசரத்தையும் நாலு வாசல்ல எடுத்துருவோம். எம்-புக் வந்தா ஒப்பிட நம்மகிட்ட அளவு இருக்கணும்ல.

வளவுவீட்டுப் பொண்ணு:

நாப்பது நாளைக்கு அப்புறம் வரேன், மன்னிச்சுக்கோங்க, அப்பத்தாவுக்கு உடம்பு முடியல, இப்ப பரவால்ல.

பதில் வந்துருச்சு, 29-வது நாளு. ஐயா சொன்னது அப்படியே. ஊருணி வேலை பொது நிதிலதான் காட்டியிருக்காங்க, மூணு வருஷமும் எஸ்டிமேட்டே போடல. எஸ்டிமேட் இல்லாம எப்படித் தொகை வந்துச்சுன்னு தெரியல, முன்னாடி வருஷத்துப் பக்கத்தைப் பாத்து எழுதியிருப்பாங்க போல. ரோட்டு எம்-புக் நகல் மட்டும் குடுக்கல, ஆபீஸுக்கு வந்து பாத்துக்கலாம்னு எழுதியிருக்காங்க. போறேன்.

நாங்க ஞாயித்துக்கிழமை அளந்ததுல வரத்துக்கால் மூணு எடத்துல ரோட்டுக்கு அடில பொதைஞ்சு போயிருக்கு, சின்னக் குழாய் போட்டுருக்காங்க, அதுவும் மண்ணு அடைச்சு. ஒரு எடத்துல கால் மேலயே கடைப் படிக்கட்டு. கோயில் பக்கம் மட்டும் பழைய கல்லுக் கட்டு முழுசா இருக்கு, மண்ணைத் தள்ளிப் பாத்தா அடில தளக்கல்லு பாவியிருக்கு, ஒரு கல்லு கூட அசையல. அதைப் பாத்ததும் தெக்கு வீதி அண்ணன் அங்கயே உக்காந்துட்டாரு.

பகுதி சபால மனு குடுத்தோம், 46 பேரு கையெழுத்து, இட்லிக்கடை அக்காதான் பாதிக்கு மேல வாங்குனது. ஊருணி வேலையைப் பொது நிதிலேர்ந்து எடுத்து கட்டுண்ட மானியத்துல வைக்கணும், எஸ்டிமேட் போடணும், இனிமே எந்த வீதில ரோடு போட்டாலும் பழசைப் பேத்துட்டு வாசல் மட்டத்துக்குத்தான் போடணும், இந்த மூணுதான் கேட்டோம். கவுன்சிலர் வாங்கிக்கிட்டாரு, அடுத்த மன்றக் கூட்டத்துல வைக்கிறேன்னு சொன்னாரு, ரசீது போட்டோ எடுத்து வச்சிருக்கேன். கூட்டம் முடிஞ்ச மறுநாளே மினிட் புத்தகத்துல ஏறிருக்கான்னு போய்ப் பாப்பேன்.

அண்ணே, உங்க டேப் எங்க வீட்டுத் திண்ணைலயே கெடக்கு. எம்-புக் பாக்கப் போற அன்னிக்கு நீங்களும் வாங்க, வாசல் அளவு எழுதுன பேப்பர் உங்ககிட்டதான் இருக்கு.