மறுமொழி: மெடுல்லோபிளாஸ்டோமாவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். குழந்தைகளின் சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில், நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில்.

> மெடுல்லா = முகுளம், பிளாஸ்ட் = முகை, ஓமா = கட்டி. ஆகவே "முகுளமுகைக் கட்டி". இதில் என்ன சிக்கல்?

சிக்கல் முதல் சொல்லிலேயே இருக்கிறது ஐயா. நம் பாடநூல்களில் முகுளம் என்றால் மூளையின் அடியில், தண்டுவடம் தொடங்கும் இடம். மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்கொள்வது அதுதான். இந்தப் புற்று வளர்வது அங்கே இல்லை, சிறுமூளையில். 1925இல் ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி என்ற இரண்டு மருத்துவர்கள் பெயர் வைத்தபோது, கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாயில் "மெடுல்லோபிளாஸ்ட்" என்றொரு செல் இருப்பதாகவும், அதிலிருந்து இது கிளம்புவதாகவும் எண்ணினார்கள். அந்தச் செல்லை இன்றுவரை யாரும் கண்டதில்லை. இல்லாத செல்லுக்கு எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்ப்பு எதற்கு? போதாக்குறைக்கு முகுளம், முகை இரண்டுக்கும் மொட்டு என்றே பொருள். மொட்டுமொட்டுக் கட்டி!

நான் இதில் பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. பெற்றோருக்கான துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவில் நானும் முகுளம் என்றுதான் போட்டிருந்தேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். மகனுக்கு ஆறு வயது. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. வாந்தி எடுத்த கொஞ்ச நேரத்தில் தெளிந்து விளையாடப் போய்விடுவானாம். வயிற்றுக் கோளாறு என்று ஒரு மாதம் கஷாயம் கொடுத்திருக்கிறார். அப்புறம் நடை தள்ளாடியபோதுதான் ஸ்கேன். என் தாளில் "முகுளம்" மேல் விரலை வைத்து, "டாக்டர் சிறுமூளைன்னு சொன்னாரே, இது வேற எடமா சார்?" என்றார். அன்றைக்கே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

சிறுமூளை என்று வைத்தால் விளக்குவதும் சுலபம். நடையின் சமநிலை சிறுமூளையின் பொறுப்பு, அதனால் தள்ளாட்டம். அதற்கு முன்னால் இருப்பது நான்காம் மூளையறை. கட்டி அதை அடைத்தால் மூளைநீர் வடிய வழியில்லாமல் தேங்கும், மண்டைக்குள் அழுத்தம் ஏறும். இரவு முழுக்கப் படுத்திருந்தால் இன்னும் ஏறும். காலை வாந்தி அதனால்தான்.

> பிளாஸ்டோஸ் என்றால் கிரேக்கத்தில் முளை. "சிறுமூளை முளையணுப் புற்று" என்பதே நேர்.

பொருள் கச்சிதம். ஆனால் தட்டச்சிட்டுப் பாருங்கள், மூளைக்குப் பக்கத்திலேயே முளை. மெய்ப்புப் பார்த்த நண்பர் இரண்டு முறை அதை "மூளையணு" என்று திருத்தித் தந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. குருத்தணு அழகான சொல்தான், ஆனால் அது ஏற்கெனவே ஸ்டெம் செல்லுக்குப் போய்விட்டது.

நான் சொல்வது: சிறுமூளை இளவணுப் புற்று. முதிர்ந்து நரம்பணுவாக வேண்டியவை முதிராமல் பெருகிக்கொண்டே போவதுதான் நோய். உலக சுகாதார நிறுவனமும் இதைக் கருநிலைக் கட்டிகளோடுதான் வைத்திருக்கிறது, மிகத் தீவிரமான 4ஆம் தரத்தில். விழித்திரை இளவணுப் புற்று, கல்லீரல் இளவணுப் புற்று என்று குழந்தைகளுக்கு வரும் மற்றவற்றுக்கும் இதே சொல் ஒட்டும். மூளையில் வரும் இன்னொரு புற்றான கிளையோபிளாஸ்டோமாவுக்கு ஒட்டாது. அது பெரும்பாலும் பெரியவர்களின் நோய், பெயரின் வால் மட்டும்தான் ஒன்று. அதைத் தனி இழையில் பார்ப்போம். இலங்கை நண்பர்கள் செல்லைக் கலம் என்பார்கள். "இளங்கலம்" என்றாலும் எனக்குச் சம்மதமே.

"புற்று பயமுறுத்தும், கட்டி போதுமே" என்று எழுதிய சகோதரிக்கு: இதே சிறுமூளையில் குழந்தைகளுக்குப் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற மெதுவாக வளரும் கட்டியும் வருகிறது. அதை முழுதாக அறுத்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு சரி. மெடுல்லோபிளாஸ்டோமாவோ மூளைநீர் வழியே தண்டுவடத்துக்கு இறங்கக்கூடியது. ஆகவே அறுவைக்குப் பிறகு தலையிலிருந்து முதுகெலும்பு முழுக்கக் கதிர்வீச்சு, அதோடு கீமோ. மூன்று வயதுக்குக் கீழே என்றால் வளரும் மூளை பாதிக்கும் என்று கதிர்வீச்சைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ பார்ப்பார்கள். இரண்டையும் கட்டி என்றே சொன்னால், பக்கத்துக் கட்டில் பிள்ளை ஆபரேஷனோடு வீட்டுக்குப் போய்விட்டானே, நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் இத்தனை என்று பெற்றோர் தவிப்பார்கள்.

மெடுல்லோபிளாஸ்டோமாவின் உள்வகைகளின் பெயர்களைத் தொட வேண்டாம். அவற்றில் ஒன்றான விண்ட் (WNT) வகை என்றால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பெற்றோர் தேடிப் பார்ப்பார்கள், நாம் மாற்றினால் தொலைந்துபோகும். இன்னொரு உள்வகையான சோனிக் ஹெட்ஜ்ஹாக்கை "ஒலி முள்ளெலி" ஆக்கிய நண்பரே, நன்றாகச் சிரித்தேன். அது ஒரு மரபணுவின் பெயர். அந்த வகை மரபணு கெட்டுப்போன பழ ஈயின் புழு முள்முள்ளாக இருந்ததால் ஹெட்ஜ்ஹாக், சோனிக் என்பது வீடியோ கேமில் ஓடுகிறவர். ஒலிக்கு அங்கே வேலையே இல்லை.

துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இளவணுவுக்கு மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். "இளவணுப் புற்று" என்பதில் ப் மிகுமா என்று மட்டும் தனி இழை தொடங்க வேண்டாம். மிகும்.