கறுப்பின ஆடலரங்கும் எங்கள் தாய்மாரின் துயரமும்: ஒரு கேள்வி

ஒட்டுசுட்டான் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலை ஒன்றில் நடனம் கற்பிக்கிறேன். உயர்தர வகுப்பு மாணவிகள் ஆறு பேருடன் தாய்மாரைப் பற்றிய இருபது நிமிட ஆடல் ஒன்றை ஆக்கிவருகிறோம். துயரத்தைக் காட்ட வேண்டிய இடம் வந்ததும் பிள்ளைகள் முகத்தைப் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுகிறார்கள். ஒத்திகை பார்க்க வந்த தாய் ஒருவர், "நாங்கள் அப்படியே விழுந்து கிடக்கவில்லையே பிள்ளை, அடுத்த நாள் விடியத் தண்ணீர் அள்ளப் போனோமே" என்று மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்டபின் அந்தக் காட்சியை என்னால் அப்படியே வைத்திருக்க முடியவில்லை.

அமெரிக்காவின் அல்வின் எய்லி ஆடலரங்கின் சில காணொளிகளை அண்மையில் பார்த்தேன். அவர்கள் ஆடுவது பெருந்துயரம் என்பது தெரிகிறது, ஆனால் ஒருவர் முகத்திலும் அழுகை இல்லை. இதை அவர்கள் எவ்வாறு செய்கிறார்கள்? அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

கிளிநொச்சி ஆடல் மாணவன்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் எய்லியின் 'ரெவலேஷன்ஸ்' என்னும் ஆடலாக இருக்கும். எய்லி 1931இல் ரெக்சாஸ் மாநிலத்தின் ரோஜர்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பருத்தி வயல்களிலும் வெள்ளையர் வீடுகளிலும் வேலை செய்த தாயாரே அவரை வளர்த்தார். 1958 மார்ச் 30 அன்று கறுப்பின ஆடற்கலைஞர்களுடன் நியூயோர்க்கில் முதல் நிகழ்ச்சியை நடத்தினார். 1960 ஜனவரி 31 அன்று இந்த ஆடலை மேடையேற்றியபோது அவருக்கு வயது 29தான். இரத்தத்தில் ஊறிய நினைவுகளிலிருந்தே தன் ஆடல்கள் பிறந்தன என்று அவர் சொல்லிவந்தார். சிறுவயதில் கண்ட தேவாலயம், ஆற்றில் நடந்த ஞானஸ்நானம், அடிமைக் காலத்திலிருந்து பாடப்பட்டுவந்த பக்திப் பாடல்கள் எல்லாம் அதில் உண்டு.

தொடக்கக் காட்சியை மறுபடி பாருங்கள். மண்ணிற உடையில் எல்லோரும் நடுவில் நெருங்கி நிற்கிறார்கள். கால்கள் அகன்று, முழங்கால்கள் மடிந்து, உடலின் பாரம் முழுவதும் நிலத்தை நோக்கி இறங்குகிறது. அதே வேளையில் கைகள் பறவையின் சிறகுபோல் விரிந்து மேலே போகின்றன. கீழே இழுப்பதும் மேலே எழுவதும் ஒரே உடலுக்குள் நடப்பதால் துயரம் பார்ப்பவருக்குத் தானாகவே விளங்குகிறது. அதற்கு முகம் உதவ வேண்டியதில்லை. முழங்கால் மடித்து நிற்கும் எங்கள் பரத அரைமண்டியில் பழகிய பிள்ளைகளுக்குக் கால் வேலை கடினமாக இராது. முதுகை வளைய விடுவதுதான் புதிதாக இருக்கும், ஏனெனில் நாங்கள் அவர்களுக்கு ஆண்டுக்கணக்காக நிமிர்ந்து நிற்கவே கற்பித்திருக்கிறோம். எய்லி தன் ஆசிரியர் லெஸ்ரர் ஹோர்ட்டனிடம் கற்ற பயிற்சியில் முதுகைப் பலகைபோல் கிடையாக நீட்டி நிறுத்துவதும் உண்டு. அந்த வலு இல்லாமல் அந்தக் காட்சியை ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியாது.

வற்றாப்பளை வாசகர்:

தங்கச்சி, தம்பி சொன்னதோடு உடன்படுகிறேன். எனினும் விழுவதே தவறு என்று நினைத்துவிடாதீர்கள். கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டுச் சிலப்பதிகாரத்துக் கண்ணகியும் விழுகிறாள். ஆனால் அவள் பின்னர் எழுந்து மதுரைத் தெருக்களில் நடக்கிறாள், அதற்கடுத்த காதையில் சிலம்போடு அரசனின் வாயிலில் நிற்கிறாள். கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு ஆண்டுதோறும் கடல்நீரில் விளக்கெரிக்கும் எங்கள் ஊருக்கு, விழுந்து எழுந்த அந்தப் பெண்ணை யாரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. முல்லைத்தீவின் கோவலன் கூத்தை ஆடிப் பழக்கிய அண்ணாவிமார் (கூத்து ஆசான்கள்) யாரேனும் உங்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

எய்லி ஆடல்களை ஆக்கிக்கொண்டிருந்த அதே அறுபதுகளில்தான் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், விடிய விடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி மேடைக்கு ஏற்றவாறு அமைத்தார். 'இராவணேசன்' அப்படி வந்த கூத்துகளில் ஒன்று. 'ரெவலேஷன்ஸ்' கூட முதலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டு, பின்னர் ஏறத்தாழ 36 நிமிடங்களாகச் சுருங்கியது என்பதை இங்கு சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் இருபது நிமிடத்தில் ஐந்தை வெட்ட நேர்ந்தாலும் தயங்க வேண்டாம்.

ஓமந்தை வாசகி:

அக்கா, உங்கள் தேவைக்கு 'க்ரை' என்னும் தனியாடலே கூடுதலாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். தன் தாயாரின் பிறந்தநாள் பரிசாக எய்லி 1971இல் ஆக்கிய, ஏறத்தாழ 16 நிமிட ஆடல் அது. எல்லாக் கறுப்பினப் பெண்களுக்கும், குறிப்பாகத் தாய்மாருக்கும், அதை அவர் சமர்ப்பித்தார். முதலில் ஆடியவர் ஜூடித் ஜாமிசன். 1989இல் எய்லி மறைந்தபின் 2011 வரை அந்த ஆடலரங்கை வழிநடத்தியவரும் அவரே.

அதில் ஒரு நீண்ட வெள்ளைத் துணி வருகிறது. அந்தப் பெண் முழங்காலில் இருந்து அதனால் நிலத்தைத் துடைக்கிறாள். பிறகு அதே துணி அவள் மேனியைச் சுற்றுகிறது, தலையிலும் ஏறுகிறது. வேலைக்காரி யார், அரசி யார் என்று பிரிக்க முடியாதபடி துணியின் வேலை மாறிக்கொண்டே போகிறது. இறுதிப் பகுதி மிக வேகமானது. ஆடுபவரின் மூச்சு முழுவதையும் அது கேட்கும். உங்கள் பிள்ளைகளிடம் இந்த அசைவுகளைப் பார்த்துச் செய்யச் சொல்லாதீர்கள். உங்களிடம் பேசிய அந்த அம்மாவை அழைத்து, தண்ணீர் எப்படித் தூக்கினார் என்று செய்து காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டிய துணி அவர் கையில்தான் இருக்கிறது.

ஒட்டுசுட்டான் ஆசிரியை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அந்த அம்மா வந்தார். இருபது லீற்றர் கான் ஒன்றை நிரப்பி வலக்கையில் தூக்கினார். உடல் முழுவதும் இடப்பக்கம் சாய்ந்தது, இடக்கை விரிந்து காற்றில் நின்றது. சில அடிகளுக்கு ஒருமுறை கானை நிலத்தில் வைக்காமலே கை மாற்றினார், அப்போது முழங்கால் சிறிது மடிந்தது. பிள்ளைகள் ஆறு பேரும் ஒரு சொல்லும் பேசாமல் அவருக்குப் பின்னால் வரிசையாக நடக்கத் தொடங்கினார்கள். விழும் இடத்தை இன்னும் எடுத்துவிடவில்லை. அதற்கு அடுத்ததாக இப்போது இந்த நடை இருக்கிறது. இதற்கு மத்தளம் மட்டும் போதுமா, பாட்டும் வேண்டுமா என்பதையே அடுத்ததாக உங்களிடம் கேட்க இருக்கிறேன்.