சூழலியல் பிஎச்டிக்கு மென்டரிங் திட்டம்: சேர்ந்தால் பயன் உண்டா?

ஈரநிலம்:
பிரிட்டனில் சூழல் அறிவியல் இளங்கலை, கடைசி ஆண்டு. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். பிஎச்டி செய்ய ஆசை, ஆனால் வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் வெள்ளையர்கள், பாடம் எடுப்பவர்களும் அப்படித்தான். சிறுபான்மை இன மாணவர்களுக்கு மூத்தவர் ஒருவர் வழிகாட்டும் மென்டரிங் திட்டம் பற்றி மின்னஞ்சல் வந்திருக்கிறது. சேர்ந்தால் "பாவம், கைதூக்கிவிட வேண்டியவள்" என்று முத்திரை விழுமோ? பயன் உண்டா, இல்லை சும்மா பேசிவிட்டு வருவதுதானா?

மண்புழு:
சேருங்கள். நானும் இப்படி ஒன்றில் இருந்தேன். பாடத்தில் எனக்குக் குறை இல்லை, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயங்கள்தான் தெரியவில்லை. சூழல் ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் தரும் பிரிட்டன் அமைப்பான நெர்க்கின் பணத்தில் நடக்கும் பிஎச்டி இடங்கள் பலவற்றுக்கு ஜனவரி வாக்கில் கெடு. அதற்கு முன்பே மேற்பார்வையாளருக்கு நேராக எழுதிப் பேசலாம் என்பதே எனக்குத் தெரியாது, அதிகப்பிரசங்கித்தனம் என்றல்லவா நினைத்திருந்தேன்! அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று சொன்ன மென்டர், நான் எழுதிய இரண்டு பக்கத்தை நாலு வரியாக்கினார். அப்புறம் வீட்டில், சம்பளம் இல்லாமல் இன்னும் நாலு வருஷமா என்றார்கள். குறைந்தபட்ச உதவித்தொகை 2025-26இல் ஆண்டுக்கு 20,780 பவுண்டு, கட்டணமும் நெர்க் பணத்திலேயே கட்டப்படும் என்று காட்டிய பிறகுதான் அம்மா அமைதியானார்.

நீரோட்டம்:
சேரலாம், சரி. ஆனால் மென்டரிங்கை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்கப் புவி அறிவியல் முனைவர் பட்டங்களை அலசி 2018இல் நேச்சர் ஜியோசயன்ஸில் வந்த கட்டுரை, 40 ஆண்டுகளில் இன, மரபினப் பன்மையில் முன்னேற்றமே இல்லை என்றது. மாணவரை மட்டும் பழக்கி, மாணவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அப்படியே விட்டால் வேறென்ன நடக்கும்? இங்கே நெர்க் உதவியுடன் நடந்த ஈக்வேட்டர் திட்டம் எனக்குப் பிடித்தது அதனால்தான்: மென்டரிங்கோடு ஆராய்ச்சிப் பள்ளியும் நடத்தினார்கள், முனைவர் பட்டச் சேர்க்கையில் இருக்கும் தடைகளைப் பார்க்கவும் ஒரு குழு வைத்தார்கள். இன்னொன்று, எங்கள் துறையில் ஒரே ஒரு ஆசிய விரிவுரையாளர், மென்டர் வேலை முழுக்க அவர் தலையில். அதற்குச் சம்பளமும் இல்லை, பணிச்சுமைக் கணக்கிலும் வராது.

ஈரநிலம்:
அப்படியென்றால் மென்டர் நம் இனத்தவராக இருந்தே ஆக வேண்டுமா?

மண்புழு:
என்னுடையவர் வெள்ளைக்காரர், பனிப்பாறை ஆராய்ச்சி. நன்றாகத்தான் போனது. அவரே சொல்லித்தான் களப்பணிக்கு மழைச்சட்டை, பூட்ஸ் எல்லாம் துறையில் இரவல் கிடைக்கும் என்று தெரிந்தது. கேட்கும்போது அளவையும் சொல்லிவிடுங்கள், எனக்கு 11ஆம் நம்பர் பூட்ஸ் வந்து சேர்ந்தது.