உதவி: குவாயக்கால் தட்டில் நிறமே வரவில்லை

சவுக்குத்தோப்பு: அவசரம். சவுக்கு வேரோடு கூடி வாழும் மைக்கோரைசா பூஞ்சையைப் பிரித்து குவாயக்கால் தட்டில் வைத்தேன் (லாக்கேஸ் என்சைம் இருந்தால் குவாயக்கால் செம்பழுப்பாகும்). நன்றாகப் படர்கிறது, ஆனால் செம்பழுப்பு வளையம் இல்லை. லாக்கேஸ் இல்லை என்று எழுதிவிடலாமா? திங்கட்கிழமை கைடிடம் காட்ட வேண்டும்.

மண்புழு: எந்த மீடியா? பி.எச். என்ன? குவாயக்கால் எவ்வளவு? எத்தனை நாள் ஆச்சு?

காப்பர்காரன்: காப்பர் சல்பேட் கொஞ்சம் போடுங்க. லாக்கேஸுக்குள்ளேயே நான்கு செம்பு அணு இருக்கிறது. செம்பு இல்லாமல் என்சைம் எங்கிருந்து வரும்?

சவுக்குத்தோப்பு: சாதாரண பி.டி.ஏ. (உருளைக்கிழங்கு-டெக்ஸ்ட்ரோஸ் அகார்) மீடியாதான். மூன்றே நாளில் தட்டு நிறைந்து, இப்போது பச்சையாகப் பொடி பூத்திருக்கிறது.

பழைய பெட்ரி: தம்பி, சவுக்கு வேருக்குள் இருக்கும் ஆர்பஸ்குலர் மைக்கோரைசா உயிருள்ள வேர் இல்லாமல் பி.டி.ஏ.வில் வளராது. இதெல்லாம் முதல் செமஸ்டர் பாடம். உங்கள் தட்டில் இருப்பது பெரும்பாலும் டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூஞ்சை. செல்லுலோஸைச் சிதைக்கும் செல்லுலேஸுக்குப் பேர் போனது, மரத்துக்கு இறுக்கம் தரும் லிக்னின் பக்கம் போகாது. வேரின் மேலிருக்கும் பூஞ்சைகள் சாக ஹைப்போகுளோரைட்டில் கழுவினீர்களா, இல்லையா?

எக்டோ ரசிகை: சவுக்கில் எக்டோவும் (வேரின் வெளியே உறை போடும் மைக்கோரைசா) உண்டு சார், பிசோலித்தஸ். அது தட்டில் வளரும்.

பழைய பெட்ரி: வளரும், வாரக்கணக்கில். மூன்று நாளில் அல்ல. எக்டோவும் லிக்னினைத் தொடாதும்மா. லக்காரியா பைகலர் என்ற எக்டோவின் ஜீனோம் 2008-இல் வந்தபோதே, வெண்மட்கல் பூஞ்சைகள் லிக்னினைச் சிதைக்கப் பயன்படுத்தும் பெராக்சிடேஸ் அதில் இல்லை என்று தெரிந்துவிட்டது.

எக்டோ ரசிகை: ஒரு லக்காரியாவை வைத்து எல்லாவற்றையும் தீர்ப்பு சொன்னால் எப்படி? இன்னொரு எக்டோவான கார்ட்டினேரியஸில் மாங்கனீஸ் பெராக்சிடேஸ் ஜீன்கள் இருக்கின்றனவே.

பழைய பெட்ரி: அது மக்கில் பூட்டிக்கிடக்கும் நைட்ரஜனுக்காக. மரத்தைத் தின்பது வேறு கதை. அதற்குத் தனிப் பதிவு தொடங்குங்கள், பேசுவோம்.

மண்புழு: இவர் கேள்விக்கு வருவோமா? ஒப்பிட கன்ட்ரோல் தட்டு வைத்தீர்களா? காளான் விதை விற்பவரிடம் லாக்கேஸ் சுரக்கும் சிப்பிக்காளானின் விதை வாங்கி, ஒரு துணுக்கை அதே மீடியாவில் வையுங்கள். அது சிவக்கவில்லை என்றால் கோளாறு மீடியாவில். அப்புறம், சிவந்தாலும் லிக்னின் சிதைகிறது என்று எழுதிவிடாதீர்கள். ஸ்போர் நிறமிக்கும் பூஞ்சைகள் லாக்கேஸைப் பயன்படுத்துவதுண்டு. வேரிலிருந்து திரும்பப் பிரிக்கும்போது பெனோமில் என்ற பூஞ்சைக்கொல்லியைச் சேருங்கள், டிரைக்கோடெர்மா அடங்கும்.

சவுக்குத்தோப்பு: 0.02 சதவீத குவாயக்கால், காப்பர் எல்லாம் போட்டுப் புதிதாக ஊற்றினேன். சிவந்துவிட்டது!! எல்லோருக்கும் நன்றி.

காப்பர்காரன்: சொன்னேனா இல்லையா!

மண்புழு: பூஞ்சை வைக்காத தட்டு?

சவுக்குத்தோப்பு: அதுவும் லேசாக சிவப்புதான்.

மண்புழு: அப்படியானால் அந்தச் சிவப்பு லாக்கேஸால்தான் என்று சொல்ல முடியாது, குவாயக்கால் தானாகவும் நிறம் மாறும். பாட்டில் எப்போது திறந்தது? தட்டுகளை இருட்டில் வைத்தீர்களா, ஜன்னலோரமா?