தினம் கட்டுரை போட்டும் எங்கள் ஏலக்காய்த் தளம் கூகுளில் மேலே வரவில்லை, என்ன செய்யலாம்?

போடிக்காரன்:
வணக்கம். போடியில் அப்பா காலத்திலிருந்து ஏலக்காய் வியாபாரம். பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் காய் எடுத்து, தரம் பிரித்துக் கடைகளுக்கு அனுப்புகிறோம். வீடுகளுக்கும் நேரடியாக அனுப்பலாமே என்று வேர்ட்பிரஸில் ஒரு தளம் ஆரம்பித்தோம். செய்து கொடுத்தவர்கள் "தினம் ஒரு கட்டுரை போடுங்க, தானா மேலே வரும்" என்றார்கள், கட்டுரைகளையும் மாதக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு அவர்களே தருகிறார்கள். ஏலக்காயின் மருத்துவ குணங்கள், ஏலக்காய் டீ, ஏலக்காய்ப் பால் என்று எல்லாம் ஆயிற்று. எங்கள் கடைப் பெயரைத் தட்டினால் முதலில் வருகிறது. "போடி ஏலக்காய்", "இன்றைய ஏலக்காய் விலை" என்று தேடினால் எத்தனை பக்கம் தள்ளிப் பார்த்தாலும் இல்லை. நம் பக்கங்களின் நிலையைக் கூகுளே காட்டும் சர்ச் கன்சோலில் பாதிக்கு மேல் 'கிரால்டு, கரன்ட்லி நாட் இன்டெக்ஸ்டு' என்று கிடக்கிறது. பக்கத்தின் கோடில் தேடல் சொற்களை எழுதிவைக்கும் மெட்டா கீவேர்டு எல்லாம் போட்டிருக்கிறேன். தளத்தில் ஏதாவது கோளாறா, இல்லை இன்னும் எழுத வேண்டுமா?

கம்பம் பள்ளத்தாக்கு:
அண்ணே, கோளாறு இருந்தால் அது வேறு மாதிரி காட்டும். 'சேர்க்காதே' என்று நோ-இன்டெக்ஸ் குறி போட்டிருந்தாலும், உள்ளே வராதபடி ரோபாட்ஸ் ஃபைலில் தடுத்திருந்தாலும் கன்சோல் அதைத் தனியாகச் சொல்லிவிடும். உங்களுக்குக் காட்டுவது என்னவென்றால், கூகுள் வந்தது, படித்தது, இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம் என்று விட்டுப் போனது. மெட்டா கீவேர்டை வரிசைப்படுத்த எடுத்துக்கொள்வதே இல்லை என்று 2009லேயே கூகுள் சொல்லிவிட்டது, அதை மறந்துவிடுங்கள். விலைப் பக்கத்தில் என்னதான் போடுகிறீர்கள்?

போடிக்காரன்:
ஏலம் முடிந்ததும் விலைச் சீட்டை போனில் படம் எடுத்துப் போடுவோம், மேலே "இன்றைய ஏலக்காய் விலை" என்று தலைப்பு. ஒவ்வொரு நாளும் புதுப் பக்கம்.

எல்லைக்கடை:
இதற்கெல்லாம் மண்டையை உடைக்க வேண்டாம் சார். பேக்லிங்க், அதாவது மற்றத் தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க், பேக்கேஜாக விற்கிறார்கள், கொஞ்சம் காசைப் போட்டால் மளமளவென்று ஏறும்.

கம்பம் பள்ளத்தாக்கு:
ஏறும், அப்புறம் இறங்கும். காசு கொடுத்து லிங்க் வாங்குவது கூகுளின் ஸ்பேம் விதியில் நேரடியாகவே இருக்கிறது. அந்தக் காசுக்கு நல்ல டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கலாம்.

போடிக்காரன் அண்ணே, முதலில் விலைப் பக்கம். சீட்டைப் படமாகப் போட்டால் அதிலுள்ள எண் பக்கத்தின் எழுத்தாக ஆகாது. தேடுபவருக்கு வேண்டியதே அந்த எண்தான், அதை எழுத்தாகப் போடாமல் விட்டால் அந்தப் பக்கத்தில் படிக்க என்ன மிச்சம்? போதாக்குறைக்கு ஒரே தலைப்பில் அத்தனை பக்கங்கள், உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ஒரே முகவரியில் ஒரே பக்கம் வையுங்கள். அதில் அட்டவணை: தேதி, ஏலம் நடந்த இடம் போடியா புற்றடியா, அதிக விலை, சராசரி விலை. புது வரி மேலே சேரட்டும், பழையது கீழே இறங்கட்டும். பழைய தினசரிப் பக்கங்களை எல்லாம் 301 ரீடைரக்ட் போட்டு இங்கே திருப்பிவிடுங்கள். ஆனால் ஒன்று, மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டு தளத்திலேயே ஏல விலை வந்துவிடுகிறது, பத்திரிகைகளும் போடுகின்றன. வெறும் எண்ணை வைத்து அவர்களை முந்த முடியாது. விலை ஏன் ஏறியது, மழையில் காய் எடுப்பு தள்ளிப்போனதா, ஓணத்துக்கு வாங்குகிறார்களா என்று நீங்கள் கைப்பட இரண்டு வரி எழுதினால் அது வேறு எங்கும் கிடைக்காது.

சாரல்:
நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன், ஊர் செங்கோட்டை. கம்பத்துக்காரர் சொன்னது சரி, அந்த மருத்துவ குணக் கட்டுரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே விஷயத்தை எத்தனையோ தளங்கள் எழுதியாயிற்று. உங்களுடையதில் புதிதாக ஒரு வரிகூட இல்லாவிட்டால் கூகுள் ஏன் சேர்க்கப்போகிறது? 2024 மார்ச்சில் வந்த விதியில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். வரிசையில் ஏறுவதற்காக மட்டுமே மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்தால் ஸ்பேம், மனிதர் எழுதினாலும் சரி இயந்திரம் எழுதினாலும் சரி. உடம்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் கூடுதல் கண்டிப்பு வேறு. கட்டுரை நீளத்துக்கும் இத்தனை வார்த்தை என்று கணக்கு கிடையாது.

தினம் எழுத வேண்டாம். மாதம் இரண்டு போதும், ஆனால் ஸ்டோரில் (காய் உலர்த்தும் இடத்தில்) நிற்பவர் மட்டுமே எழுதக்கூடியதாக இருக்கட்டும். கிட்டத்தட்ட ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய் என்பது வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? விலை கேட்டு வாயைப் பிளப்பவர்கள் அதைப் படித்தால் பேச மாட்டார்கள். ஸ்டோரில் சூடு கூடினால் நிறம் என்ன ஆகிறது, கண்ணாடி பாட்டிலில் வெளிச்சம் படும்படி வைத்தால் பச்சை ஏன் வெளுக்கிறது, நிறம் ஏற்றிய காயை ஈர விரலில் தேய்த்துப் பார்ப்பது எப்படி, 8 எம்எம் பருமனுள்ள காய்க்கும் 6 எம்எம் காய்க்கும் விலையில் அவ்வளவு வித்தியாசம் இருக்க, பாயசத்துக்குத் தட்டிப்போடச் சின்னக் காயே போதாதா (போதும் என்பதுதான் என் கட்சி, மணம் காய்க்குள் இருக்கும் அரிசியில், அதாவது விதையில்தானே இருக்கிறது). இதையெல்லாம் படத்தோடு போடுங்கள், உங்கள் ஸ்டோரில் எடுத்த படம், எங்கிருந்தோ இறக்கியது அல்ல. தேதியை மட்டும் மாற்றிப் புதுசு மாதிரி காட்டுகிற வேலையும் வேண்டாம்.

தலைப்பைத் தலையிலிருந்து யோசிக்காதீர்கள். கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து, இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் உங்கள் பக்கம் காட்டப்பட்ட கணக்கு) இருந்து கிளிக் இல்லாத தேடல்களைப் பாருங்கள். 16 மாதக் கணக்கு வரை அதில் இருக்கும். ஜனங்கள் தட்டுவதும் நாம் எழுதுவதும் ஒன்றாகவே இருப்பதில்லை, அங்கே பார்த்தால் தெரிந்துவிடும்.

போடிக்காரன்:
ரொம்ப நன்றிங்க. இப்போதுதான் திறந்து பார்த்தேன். "8 எம்எம் ஏலக்காய் 100 கிராமில் எத்தனை இருக்கும்", "ஏலக்காய் பச்சை நிறம் சாயமா", இந்த மாதிரி நிறைய. கடைக்குப் போன் பண்ணுகிறவர்களும் இதைத்தான் கேட்பார்கள். கட்டப்பனை, குமுளியிலிருந்து மலையாளத்திலும் கேட்கிறார்கள், அதற்கும் பக்கம் போடலாமா? பழைய கட்டுரைகளை எல்லாம் அழித்துவிடவா?

சாரல்:
மலையாளத்துக்குத் தனிப் பக்கம் போடுங்கள், தானியங்கி மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாமல் அங்கே ஒருவரிடம் காட்டித் திருத்தி. பழையதில் யாராவது வந்து படிக்கிற பக்கம் இருந்தால் அதை மட்டும் திருத்தி வைத்துக்கொள்ளலாம், ஒருவர்கூட வராததை எடுத்துவிடலாம். ஒரு வாரத்தில் எதையும் எதிர்பார்க்காதீர்கள், மாறுவதற்குச் சில மாதம்கூட ஆகும். அந்தக் கட்டுரைக்கான மாதக் காசை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

போடிக்காரன்:
நிறுத்தியாயிற்று. சாயங்காலம் பூப்பாறையிலிருந்து காய் வருகிறது. நூறு கிராம் நிறுத்து ஒவ்வொன்றாக எண்ணி, 8 எம்எம், 7, 6 மூன்றையும் போடுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கு:
எண்ணுங்க அண்ணே. தராசோடு படமும் எடுங்க, எண்ணிக்கையை மட்டும் கீழே எழுத்தில் போடுங்க.